நுரையீரல் புற்றுநோய்: கீமோவுக்கு முன்பே ஜீன் டெஸ்ட் ஏன்?

நுரையீரல் புற்றுநோய் என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் பல குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி, "கீமோ எப்போ ஆரம்பிக்கலாம் டாக்டர்?" என்பதுதான். அதற்கும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்பியாச்சா?"

அது என்ன டெஸ்ட்?

பயாப்ஸியில் எடுத்த சதைத் துணுக்கை வைத்து, புற்றுநோய் செல்லைத் தூண்டிவிடும் மரபணு மாற்றம் எது என்று கண்டுபிடிப்பதுதான் மூலக்கூறு பரிசோதனை. ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1 ஆகியவை இதில் முக்கியமானவை. இவை பெரும்பாலும் கட்டிக்குள் மட்டும் ஏற்படும் மாற்றங்கள். அதனால், பிள்ளைகளுக்கும் வந்துடுமோ என்ற பயம் பொதுவாகத் தேவையில்லை.

யாருக்கு அவசியம்?

அடினோகார்சினோமா என்ற வகை, முற்றிய நிலையில் இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். புகைபிடிக்காதவர்களிடம் இந்த மாற்றங்கள் அதிகம். அதற்காக, சிகரெட் பிடித்தவர்களுக்கு டெஸ்ட் வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது.

ரிசல்ட் எதை மாற்றும்?

சிகிச்சையையே மாற்றும். ஆசியாவில் 1,200-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த 'ஐபாஸ்' ஆய்வின் முடிவு 2009-ல் வெளியானது. ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தவர்களிடம், கீமோவைவிட ஜெஃபிடினிப் மாத்திரை நோயை அதிக காலம் கட்டுப்படுத்தியது. மாற்றம் இல்லாதவர்களிடம் நிலைமை தலைகீழ். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் வேகமாக முற்றியது, கீமோதான் கைகொடுத்தது. டெஸ்ட் பண்ணாமல் மாத்திரை கொடுப்பதும் ஆபத்து, கீமோவோடு நிறுத்திக்கொள்வதும் இழப்பு.

ரிசல்ட் வரும்வரை காத்திருக்கலாமா?

ஒரே ஒரு மரபணுவைப் பார்க்கும் டெஸ்ட் சில நாட்களில் முடிந்துவிடும். பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் என்ஜிஎஸ் டெஸ்ட்டுக்கு இரண்டு, மூன்று வாரங்கள்கூட ஆகலாம். உடல்நிலை தாங்காது என்றால், டாக்டர்கள் முதலில் கீமோவைத் தொடங்குவது உண்டு. ஆனால், ரிசல்ட் தெரியாமல் அவசரப்பட்டு இம்யூனோதெரபி கொடுப்பதைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். அதன்பின் ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறும்போது சிலருக்கு நுரையீரலில் கடுமையான அழற்சி வரக்கூடும்.

சாம்பிள் போதவில்லை என்றால்?

ரத்தத்தில் கலந்திருக்கும் கட்டியின் டிஎன்ஏவைப் பார்க்கும் 'லிக்விட் பயாப்ஸி' இருக்கிறது. இதில் மாற்றம் தெரிந்தால் சிகிச்சையைத் தொடங்கலாம். தெரியவில்லை என்பதற்காக 'இல்லை' என்று முடிவு கட்டிவிட முடியாது. சதைத் துணுக்கில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

மாத்திரையே போதுமா?

முற்றிய நோயை மாத்திரை கட்டுக்குள் வைக்கும். பொதுவாக முழுமையாகக் குணப்படுத்தாது. நாளடைவில் மருந்துக்குக் கட்டுப்படாமல் நோய் மீண்டும் வளரலாம். அப்போது மறுபடியும் டெஸ்ட் தேவைப்படும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை:

• ஜீன் டெஸ்ட்டுக்கு பயாப்ஸி சாம்பிள் போதுமா?
• எந்தெந்த மரபணுக்களைப் பார்க்கிறீர்கள்?
• ரிசல்ட் வரும்வரை காத்திருப்பது பாதுகாப்பானதா?
• பிடிஎல்1 டெஸ்ட்டும் செய்தாச்சா?