செவர்லேக்குப் பொருந்தும் ஃபோர்டு அச்சு

அமெரிக்காவில் செவர்லே பிக்கப் ஓட்டுபவர்களும் ஃபோர்டு ஓட்டுபவர்களும் தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் சீண்டிக்கொள்பவர்கள். ஆனால், 1988-க்குப் பிறகு வந்த செவர்லே ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பைப் பாறைப் பாதைகளுக்காகத் தயார்செய்கிறவர் காயலான் கடைக்குப் போனால், முதலில் தேடுவது பழைய ஃபோர்டு எஃப்-350 வண்டியைத்தான். பக்கத்திலேயே 1980-களின் செவர்லே ஒன்று துருப்பிடித்து நின்றாலும் அதன் முன் அச்சு அவருக்கு எளிதில் உதவாது. டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற ஒரே விஷயம்தான் காரணம்.

ஒரு டிரக்கின் முன்பக்கம் இருக்கும் தனித்தனி சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு, வேறொரு வண்டியின் முழு அச்சை அங்கே பொருத்துவது அமெரிக்க மலைப்பாதைப் பிரியர்களிடையே பல ஆண்டுகளாக நடந்துவரும் வேலை. அச்சைக் கொடுக்கும் வண்டியை அவர்கள் ‘டோனர்’ என்கிறார்கள். வெல்டிங்கும் அளவெடுப்பும் நிறைந்த இந்த வேலையில் பாதி வெற்றி, சரியான டோனரைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

முழு அச்சு என்றால் இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம்வரை ஒரே இரும்புக் குழாய்க் கூடு. அதன் நடுவிலோ ஓரமாகவோ டிஃபரன்ஷியல் உருண்டை. உள்ளே சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டுகள். ஒருகாலத்தில் பெரும்பாலான ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புகளுக்கு முன்னால் இதுதான் இருந்தது. 1980-களில் நிலைமை மாறியது. நெடுஞ்சாலையில் குலுங்காமல் போக வேண்டும், ஸ்டியரிங் கார்போல இருக்க வேண்டும் என்று வாங்குபவர்கள் எதிர்பார்த்தார்கள். ஃபோர்டு 1980-இலேயே எஃப்-150-க்கு இரண்டாகப் பிரிந்து அசையும் முன் அச்சைக் கொடுத்தது. டொயோட்டா தன் அமெரிக்க பிக்கப்பின் முழு முன் அச்சை 1985 மாடலோடு நிறுத்தியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1988-இல் புது உடலோடு வந்த செவர்லே பிக்கப்பில் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறியது.

சாலைக்கு அது நல்ல மாற்றம். பாறைக்கு அப்படியில்லை. முழு அச்சு சீசாப் பலகைபோல வேலைசெய்கிறது: ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால் மறுமுனை கீழே அழுத்தப்படுகிறது, அதனால் இரண்டு டயரும் தரையைப் பிடித்திருக்கின்றன. தனித்தனி சஸ்பென்ஷனில் அந்த உதவி கிடையாது. மேலே போன சக்கரம் போனதுதான், இன்னொன்று காற்றில் சுழலத் தொடங்கும். பெரிய டயர் போடுவதற்காக வண்டியை உயர்த்தினால், சக்கரத்துக்குப் போகும் சிறிய ஷாஃப்டுகள் சாய்ந்த கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும், உடையும். கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலையில், ஜார்ஜ்டவுன் பக்கமிருந்து டாஹோ ஏரியை நோக்கிப் போகும் சுமார் 22 மைல் ரூபிகான் பாதை போன்ற இடங்களில் அப்படி உடைந்தால், இழுத்துவர லாரி வராது.

முழு அச்சு கனமானது. குழியில் இறங்கினால் அந்தக் கனம் முழுவதும் மேலும் கீழுமாக ஆடும். வேகமான சாலையில் சொகுசு குறையும். வாரம் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இந்த மாற்றம் தேவையே இல்லை. பாறைதான் முக்கியம் என்று முடிவெடுத்தவர்களுக்கே அடுத்த கேள்வி: எந்த அச்சு?

முதலில் பார்க்க வேண்டியது டிஃபரன்ஷியலின் பக்கம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கும். அதிலிருந்து முன்னோக்கி ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட் போகும். அது இடப்பக்கமாக வெளிவந்தால் முன் அச்சின் டிஃபரன்ஷியலும் இடப்பக்கம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இடப்பக்கம்தான் ஓட்டுநர் பக்கம். 1987 வரையிலான செவர்லே பிக்கப்புகளில் டிஃபரன்ஷியல் வலப்பக்கம். 1988 மாடலிலிருந்து இடப்பக்கம். ஃபோர்டு எஃப்-350 அச்சிலோ அது இடப்பக்கம். இதனால்தான் புதிய செவர்லேக்குப் பழைய செவர்லே ஒத்துவராமல் ஃபோர்டு ஒத்துவருகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்றினால் பழைய செவர்லே அச்சையும் போடலாம், ஆனால் ஒரு வேலை இரண்டு வேலையாகிவிடும்.

டொயோட்டாவுக்குக் கதை நேர்மாறு. 1986-க்குப் பிந்தைய அந்தச் சிறிய பிக்கப்பில் முன் டிஃபரன்ஷியல் வலப்பக்கம் இருக்கிறது. ஆகவே எல்லோரும் புகழும் ஃபோர்டு அச்சு அதற்கு முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். 1979 முதல் 1985 வரை வந்த டொயோட்டாவின் சொந்த முன் அச்சு அதற்கு எளிதாகச் சேரும்.

இரண்டாவது கேள்வி டயர். கடைசியில் எத்தனை அங்குல டயர் ஓடப்போகிறது என்பதை முதலிலேயே முடிவுசெய்தவர்கள் பணத்தை மிச்சப்படுத்துகிறார்கள். டயர் பெரிதாகப் பெரிதாக அச்சின்மேல் விழும் முறுக்கு விசையும் ஏறும். அச்சின் பலத்துக்கு முதல் அடையாளம் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம். பழைய டொயோட்டாவில் அது 8 அங்குலம். டேனா 44 என்ற அச்சில் 8.5 அங்குலம். டேனா 60-இல் 9.75 அங்குலம். பெயரிலுள்ள 44, 60 ஆகியவை அங்குலக் கணக்கல்ல, வரிசை எண்கள் மட்டுமே. இவற்றைச் செய்த டேனா நிறுவனம், யூனிவர்சல் ஜாயின்ட்டால் பெயர்பெற்ற கிளாரன்ஸ் ஸ்பைசர் 1904-இல் தொடங்கிய தொழிலின் வாரிசு. 1946-இல்தான் டேனா என்று பெயர் மாறியது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், டாட்ஜ் என்று போட்டியாளர்கள் எல்லோருக்கும் ஒரே நிறுவனம் அச்சு செய்துகொடுத்ததால்தான் இவ்வளவு உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

35 அங்குல டயரோடு நிற்பவருக்கு நல்ல நிலையிலுள்ள டேனா 44 பெரும்பாலும் போதும். 37, 40 என்று போகிறவருக்கு டேனா 60 வேண்டும். பலம் கூடினால் கனமும் கூடும், டிஃபரன்ஷியல் உருண்டையும் பெரிதாகும். அந்த உருண்டைதான் வண்டியின் அடியில் தரைக்கு மிக அருகில் தொங்கும் பகுதி. சிறிய டயரோடு பெரிய அச்சைப் போட்டால் பாறையில் முதலில் இடிப்பது அதுவே.

ஃபோர்டு எஃப்-350-இல் உள்ள டேனா 60-க்கு இவ்வளவு மவுசு ஏற்பட இன்னொரு காரணம் உண்டு. சாதாரண அச்சில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியன், கிரவுன் வீலின் நடுக்கோட்டுக்குக் கீழே சேரும். ஃபோர்டு தன் முன் அச்சுகளில் அதை மேலே வைத்தது. பற்களை எதிர்த்திசையில் வெட்டியது. இதில் இரண்டு லாபம். புரொப்பெல்லர் ஷாஃப்ட் உயரத்தில் ஓடுவதால் பாறையில் படாது, அதன் கோணமும் குறையும். அதோடு, வண்டி முன்னோக்கிப் போகும்போது பற்களின் பலமான பக்கம் சுமையைத் தாங்கும். பினியன் கீழே உள்ள முன் அச்சில் பற்களின் பின்பக்கம்தான் அந்தச் சுமையைச் சுமக்கிறது.

எஃப்-350-க்கு இந்த முழு அச்சு 1985-இன் நடுவில் வந்தது. 1991 வரை வந்தவற்றில் சக்கரம் திரும்பும் இடத்தில் கிங் பின் இருந்தது, 1992 முதல் பால் ஜாயின்ட். கிங் பின் வகைக்கே கிராக்கி அதிகம். அடியில் கூம்பு பேரிங், மேலே புஷ், அதை அழுத்தும் ஸ்பிரிங் என்று தாங்கும் அமைப்பு கனமானது. மேல் மூடியைக் கழற்றிவிட்டு அங்கேயே உயரமான ஸ்டியரிங் ஆர்ம் பொருத்தலாம். கிராக்கிக்கு ஏற்ற விலையும் உண்டு. 1999-இல் வந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டி வண்டிகளின் அச்சு எண்ணிக்கையில் ஏராளம், விலையும் இறங்கியே இருக்கும். ஆனால் அவற்றின் ஹப் பிரித்து கிரீஸ் வைக்க முடியாத ஒற்றை யூனிட், தேய்ந்தால் முழுதாக மாற்ற வேண்டும். வீல் போல்ட் வட்டமும் 170 மில்லிமீட்டராக மாறிவிட்டது. அதற்கு முந்தைய எட்டு போல்ட் வட்டம் 6.5 அங்குலம், அதாவது 165.1 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசத்தால் முன் சக்கரம் பின்னால் ஏறாது, ஸ்டெப்னி ஒன்று போதாது. பின்பக்கம் ஜெனரல் மோட்டார்ஸின் புகழ்பெற்ற ‘14 போல்ட்’ அச்சைப் போட நினைப்பவர்கள் பழைய ஃபோர்டையே தேடுவது இதற்காகத்தான். இரண்டிலும் போல்ட் வட்டம் ஒன்றே.

அகலமும் ஒத்துவர வேண்டும். கிங் பின் டேனா 60, ஒரு வீல் பொருந்தும் முகத்திலிருந்து மறுமுகம்வரை ஏறக்குறைய 69 அங்குலம். பெரிய செவர்லேயின் அடியில் அது இயல்பாக உட்காரும். சிறிய டொயோட்டாவில் சக்கரங்கள் இரண்டு பக்கமும் மட்கார்டைத் தாண்டி வெளியே நிற்கும். டொயோட்டாவின் பழைய அச்சிலோ எதிர்ச்சிக்கல்: 1986-க்குப் பிந்தைய வண்டியின் முன்பக்கத்தைவிட அது சுமார் 3 அங்குலம் குறுகல். பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் என்று ஹப்பிலோ ஸ்பேசரிலோ ஈடுகட்டுகிறார்கள்.

காயலான் கடையில் அச்சைக் கண்டுபிடித்ததும் உறுதிசெய்ய வேண்டியது கியர் விகிதம். டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட்டில் சிறு தகடு தொங்கினால் அதில் எழுதியிருக்கும். பெரும்பாலும் தகடு தொலைந்திருக்கும். அப்போது ஒருவர் ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் மறுபக்க ஹப்பிலும் பினியன் நுனியிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஹப்பைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுவார். சாதாரண டிஃபரன்ஷியலாக இருந்தால் அதற்குள் பினியன் நான்கு சுற்றைத் தாண்டிக் கொஞ்சம் போய் நிற்கும்: விகிதம் 4.10. மூடியைத் திறந்து பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தால் இன்னும் நல்லது. எண்ணெயைத் துடைத்தால் கிரவுன் வீலின் விளிம்பில் 41, 10 என்று பற்களின் எண்ணிக்கை தெரியும். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலில் மினுக்கும் உலோகத் துகள் ஒட்டினால் பேரிங்கோ பல்லோ தேய்ந்திருக்கிறது.

முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதத்தில் இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீலைப் போட்டதும் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸை நெருக்கும். டயர் மாறினாலும் விகிதம் மாற வேண்டும். 29 அங்குல டயரில் 3.73 விகிதத்தோடு ஓடிய வண்டிக்கு 35 அங்குல டயர் போட்டால், பழைய இழுவை திரும்ப ஏறக்குறைய 4.50 தேவை. கடையில் கிடைப்பது 4.56. டேனா 60-இல் கிரவுன் வீலைத் தாங்கும் கேரியர் 4.10 வரை ஒருவகை, 4.56 முதல் வேறு வகை. ஆகவே 3.55 விகிதத்தில் மலிவாகக் கிடைத்த அச்சுக்குப் பிறகு பல்லோடு கேரியரும் வாங்க வேண்டியிருக்கும். வாங்கும்போதே இந்தச் செலவையும் கணக்கில் சேர்ப்பது நல்லது.

பொருத்தும்போது பெரிய தொல்லை தருவது கோணம். சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கோடு மேலே சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால்தான் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும். வண்டி உயர்ந்ததும், புரொப்பெல்லர் ஷாஃப்டுக்காகப் பினியனை மேலே தூக்கினால் இந்தச் சாய்வு குறைந்துவிடும். இரண்டும் ஒரே இரும்பில் வெல்டாகியிருப்பதால் ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். சாய்வு குறைந்து, ஜாயின்ட்டுகளும் தேய்ந்திருந்தால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் கட்டுக்கடங்காமல் உதறும். உயிருக்கு ஆபத்தான உதறல் அது. அதனால் அனுபவமுள்ள பட்டறைகள் குழாயின் நுனியிலுள்ள வெல்டை வெட்டி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைத் திருப்பி, மறுபடி வெல்ட் செய்கின்றன.

அமெரிக்காவில் வண்டியை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் சொல்கிறது. இந்தியாவில் கட்டுப்பாடு கடுமை: தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. பழைய மாருதி ஜிப்ஸி போன்ற வண்டிகளில் முழு முன் அச்சு பிறவியிலேயே உண்டு என்பது இங்குள்ளவர்களுக்கு ஆறுதல்.

அமெரிக்கக் காயலான் கடையில் சரியான அச்சு கிடைத்துவிட்டால், அதை மட்டும் கழற்றிக்கொண்டு திரும்பக் கூடாது. பிரேக் காலிப்பர், டை ராட், டிராக் லிங்க், ஸ்பிரிங் யு-போல்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன்முனை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிறகு வாங்கினால் செலவு கூடிவிடும். ஸ்டியரிங் பாக்ஸைப் பொறுத்தவரை டொயோட்டாக்காரருக்கு ஒரு சலுகை உண்டு. அவருடைய 1986-க்குப் பிந்தைய வண்டியின் சொந்த பாக்ஸ் பக்கவாட்டில் தள்ளும் வகை என்பதால், முழு அச்சுக்கான குறுக்கு ஸ்டியரிங்குக்கும் அதுவே உதவும்.