மெழுகுக்குள்ள இருக்கிற ஆர்.என்.ஏ எப்படி மின்னுது?

ஐஐடி மெட்ராஸோட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பர்ல 'தரணி'ங்கிற பேர்ல, கருக்குழந்தைகளோட மூளைச் சீவல்கள் 5,132-ஐ படமாக்கி இலவசமா வெளியிட்டுச்சு. செல் எங்கே இருக்குன்னு அதுல தெரியும். அந்த செல்லுக்குள்ள எந்த ஜீன் வேலை செய்யுதுன்னு பார்க்கணும்னா, ஆர்.என்.ஏ-வைத் தேடணும்.

சிக்கல் என்னன்னா, ஆஸ்பத்திரிகள்ல திசுவை ஃபார்மலின்ல போட்டு, மெழுகுல பதிச்சு வருஷக்கணக்கா வைப்பாங்க. ஆர்.என்.ஏ துண்டு துண்டா உடைஞ்சு, புரதத்தோட பின்னிக்கும். நம்ம கடலூர் கருவாடு மாதிரி. உருவம் இருக்கும், உள்ளே நிலைமை வேற. மெழுகைக் கரைச்சு, சூடாக்கி, என்சைம் விட்டு வழி திறந்தாத்தான் புரோப் உள்ளே போகும்.

2012-ல வெளியான ஆர்.என்.ஏ-ஸ்கோப் முறை எனக்கு ரொம்பப் பிடிச்சது. பாஸ்வேர்டும் ஓடிபியும் சேர்ந்த மாதிரி ரெட்டைப் பூட்டு. ரெண்டு புரோப் பக்கத்துல பக்கத்துல ஒட்டினாத்தான் அடுத்த மூலக்கூறு அதுமேல ஏறும். ஒன்னு மட்டும் வேற எங்கேயாவது தப்பா ஒட்டினா சிக்னல் வராது. சரியா ஒட்டினா கிளைமேல கிளை: 20 ஜோடி, ஒவ்வொன்னுலயும் 20, அதுல ஒவ்வொன்னுலயும் 20. மொத்தம் 8,000 ஒளிரும் லேபிள் வரைக்கும்! மைக்ராஸ்கோப்புல ஒரு புள்ளின்னா ஒரு ஆர்.என்.ஏ. ஒரு ஜோடிக்குத் தேவை 50 எழுத்துக்குள்ளதான். அதனால உடைஞ்ச துண்டும் போதும்.

சரி, புள்ளியே இல்லைன்னா? ஜீன் வேலை செய்யலையா, சாம்பிளே கெட்டுப்போச்சா? புற்றுநோய்க் கட்டியில இந்தக் குழப்பம் ஆபத்து. அதனால பக்கத்துச் சீவல்கள்ல பிபிஐபி-ங்கிற, பெரும்பாலும் எல்லாச் செல்லிலும் ஓடுற ஜீனையும், டாப்-பி-ங்கிற பாக்டீரியா ஜீனையும் தேடுவாங்க. முதலாவது மின்னணும், ரெண்டாவது மின்னக்கூடாது. பிபிஐபி-யே மின்னலைன்னா, அந்தத் திசுவை வச்சு 'இல்லை'ன்னு ரிப்போர்ட் எழுத முடியாது.