ஐஸ் வெச்சதும் வலி போயிடுச்சு... உடனே கிரவுண்டுக்குள்ள இறங்கலாமா?

ஃபுட்பால், கபடி, வாலிபால்... எந்த மேட்ச்சா இருந்தாலும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. ஒரு பிளேயர் கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டு உட்காருவார். ஓரத்திலிருந்து ஒருத்தர் ஐஸ் பையோடு ஓடி வருவார். பத்து நிமிஷம் அழுத்திப் பிடிப்பாங்க. ``இப்ப எப்படிடா இருக்கு?'' ``வலி இல்லண்ணே.'' ``அப்ப உள்ள போ!''

அந்தப் பையன் பொய் சொல்லலை. வலி நிஜமாகவே குறைஞ்சிருக்கும். ஆனா, கால் வலிக்குதா என்பது ஒரு கேள்வி; கால் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்குன்னு மூளைக்குச் சரியா தெரியுதா என்பது வேற கேள்வி. ஐஸ் முதல் பிரச்னையை அடக்கும்போது, இரண்டாவது விஷயத்தில் கை வெச்சுடுமோ என்பதுதான் விளையாட்டு மருத்துவத்தில் பல வருஷமா நடக்கும் விவாதம்.

இந்தப் பத்தியைப் படிச்சுட்டு போனைக் கீழே வெச்சு ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாருங்க. கண்ணை மூடிக்கோங்க. வலது கையைப் பக்கவாட்டில் ஏதோ ஓர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்துங்க. இடது கையையும் அதே உயரத்துக்குக் கொண்டு வாங்க. கண்ணைத் திறந்து பார்த்தா, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கும்.

பார்க்காமலேயே எப்படித் தெரிஞ்சது? தசைகளுக்குள் இழுவையை அளக்கும் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. மூட்டைச் சுற்றியிருக்கும் உறையிலும், எலும்புகளை இணைக்கும் நார்களிலும், தோலிலும் வேறு வகை உணர்விகள். இவை அனுப்பும் தகவல்களைச் சேர்த்துத்தான் மூளை `முட்டி இவ்வளவு மடங்கியிருக்கு, பாதம் இப்படித் திரும்பியிருக்கு' என்று கணக்குப் போடுகிறது. 1906-ல் பிரிட்டிஷ் நரம்பியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் இதற்கு வைத்த பெயர், `புரோப்ரியோசெப்ஷன்'. தன்நிலை உணர்வு என்று வெச்சுக்கலாம்.

இது இல்லாமப் போனா என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் இயன் வாட்டர்மேன் உதாரணம். 1971-ல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே இந்த உணர்வு முழுக்கப் போய்விட்டது. தசைகள் நல்லாத்தான் இருந்தன. ஆனா, கையோ காலோ எங்கே இருக்குன்னே தெரியாது. கண்ணால் பார்த்துப் பார்த்தே ஒவ்வோர் அசைவையும் திரும்பக் கத்துக்கிட்டார். லைட் அணைஞ்சா தடுமாறி விழுந்துடுவார்.

ஐஸ் வெச்சா அந்த அளவுக்கெல்லாம் எதுவும் ஆகாது, பயப்படாதீங்க. இங்கே பேச்சு, சில டிகிரி பிசகைப் பற்றித்தான். ஆனா, ஒரு கபடி ரெய்டரை யோசிச்சுப் பாருங்க. அவர் கண்ணு எதிரணி மேலேதான் இருக்கும், தன் பாதத்தின் மேலே இல்லை. வாலிபாலில் பிளாக் பண்ணிட்டு இறங்குறவரும் அப்படித்தான். பாதம் தரையைத் தொடும் முன்பே கோணத்தை உணர்ந்து, கணுக்காலைப் பிடிச்சு நிறுத்தும் தசைகள் இறுகியாகணும். அந்தக் கணக்கு தப்பினா பாதம் உள்பக்கமா மடங்கி, சுளுக்கு!

சரி, குளிர்ச்சி என்ன செய்யுது? நரம்பில் செய்தி போகும் வேகத்தைக் குறைக்குது. கணுக்கால் தோலின் வெப்பநிலையை 10 டிகிரி செல்சியஸ் வரை இறக்கிப் பார்த்த 2007-ம் ஆண்டு ஆய்வு ஒன்றில், நரம்பின் வேகம் சுமார் 33 சதவிகிதம் குறைந்தது. வலி தெரியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சிக்கல் என்னன்னா, ஐஸுக்கு வலிச் செய்தி எது, மத்த செய்தி எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

இதனால் மூட்டுக்கோண உணர்வு எவ்வளவு பாதிக்கப்படும் என்று பார்க்க, எளிமையான சோதனை ஒன்று இருக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டு முட்டியை ஒரு கோணத்தில் வைப்பாங்க. காலைத் திரும்பக் கொண்டுபோய்விட்டு, `அதே கோணத்துக்கு நீங்களே கொண்டுவாங்க' என்பார்கள். எத்தனை டிகிரி தப்புதுன்னு ஐஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் அளப்பார்கள். 2003-ல் வெளியான ஜப்பானிய ஆய்வில், முட்டியை 15 நிமிடம் குளிரவைத்த பிறகு பிழை சராசரியாக 1.7 டிகிரி கூடியது. முட்டியின் விறைப்பும் அதிகமாகியிருந்தது.

ஆனா, எல்லா ஆய்வும் இப்படிச் சொல்லலை. 2010-ல் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஏழு ஆய்வுகளைச் சேர்த்து அலசினாங்க. மூன்றில்தான் உணர்வு மழுங்கியது தெரிந்தது. மற்றவற்றில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஒரு ஆய்வில் ஐஸ் பை, இன்னொன்றில் குளிர்ந்த தண்ணீர். ஒன்றில் கணுக்கால், இன்னொன்றில் தோள்பட்டை. நேரமும் வேற வேற. அதோடு, மூட்டின் மேல் மட்டும் ஐஸ் வெச்சா, கொஞ்சம் தள்ளியிருக்கும் தசைகளின் உணர்விகள் வழக்கம்போல வேலை செய்து ஓரளவு ஈடுகட்டிடும். உதாரணமா, கணுக்காலை அசைக்கும் பெரிய தசைகள் இருப்பது கெண்டைக்காலில். அதனால, `ஐஸ் வெச்சா கண்டிப்பா அடிபடும்'னு யாராவது ரீல்ஸ் போட்டா நம்பாதீங்க. `ஒண்ணுமே ஆகாது'ன்னு அடிச்சுச் சொன்னாலும்தான்.

கோண உணர்வைத் தாண்டி, உடனடி ஆட்டத்திறனைப் பற்றி ஆதாரம் கொஞ்சம் தெளிவாகவே இருக்கு. 2012-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, குளிரவைத்த உடனே ஓட்டம், தாவல் போன்றவற்றில் தடகள வீரர்கள் கொஞ்சம் பின்தங்குகிறார்கள். காரணம் எதுவானாலும், உடனே இறங்குவது நஷ்டம்தான்.

இதில் டைம் வேற இடிக்குது. கபடியில் இரண்டு பாதிக்கும் நடுவே 5 நிமிஷம்தான் இடைவெளி. ஃபுட்பாலில் அதிகபட்சம் 15. பாதி இடைவெளியை ஐஸ் தின்னுட்டா, மூட்டு சூடாக நேரம் எங்கே? போதாக்குறைக்கு, ஐஸை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் தசை கொஞ்ச நேரத்துக்குக் குளிர்ந்துகொண்டே போகும். தோல் சகஜமாயிடுச்சுன்னு தொட்டுப் பார்த்து முடிவு பண்ணவும் முடியாது.

மேட்ச் முடிஞ்சு வீட்டுக்குப் போய் ஒத்தடம் கொடுக்கிறதுல இந்தச் சிக்கல் இல்லை. சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது முட்டி இரண்டு டிகிரி தப்பாச் சொன்னா யாருக்கு நஷ்டம்? (ஐஸ் காயத்தை ஆற்றுமா, தாமதப்படுத்துமா என்பது தனிச் சண்டை. `ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தி வைத்தல்' என்ற பிரபல ஃபார்முலாவை 1978-ல் எழுதிய டாக்டர் கேப் மிர்கினே பிற்பாடு ஐஸ் விஷயத்தில் மனசு மாறிட்டார்.)

ஆட்டத்துக்கு நடுவே வெச்சே ஆகணும்னா, சில நிமிஷத்தோடு நிறுத்திக்கோங்க. பிறகு மெதுவா நடை, லேசான ஓட்டம், பக்கவாட்டு அசைவு, கடைசியாகத் தாவல் என்று படிப்படியாச் சூடேத்துங்க. ஓரத்திலேயே அந்தக் காலில் மட்டும் கண்ணை மூடி நின்னு பாருங்க. இன்னொரு காலோடு ஒப்பிட்டா அதிகம் ஆடுதா? அப்ப கேப்டன்கிட்ட `இன்னும் கொஞ்ச நேரம்ணே' என்று சொல்லிடுங்க. பாதத்தை ஊன்றி நாலு அடி நடக்கவே முடியலைன்னா, ஐஸை மறந்துட்டு எக்ஸ்ரே எடுக்கக் கிளம்புங்க.

கடைசியா ஒண்ணு. முட்டிக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே ஓர் எலும்பு முனை கைக்குத் தட்டுப்படும். பாதத்தைத் தூக்க உதவும் நரம்பு அங்கே தோலை ஒட்டியே போகுது. அந்த இடத்தில் ஐஸை ரொம்ப நேரம் இறுக்கிக் கட்டிவெச்சு, பாதத்தைத் தூக்க முடியாமப் போன வீரர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கு. ஐஸ் பையை அங்கே கட்டாதீங்க. தோலுக்கும் ஐஸுக்கும் நடுவில் ஒரு துண்டாவது இருக்கட்டும்.