கரும்புச் சக்கைத் தட்டு

டில்லியில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் விசேஷமென்றால் வாழையிலைக்கு அலைவதே பெரும்பாடு. 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் தட்டுகள் தடைசெய்யப்பட்டபின், கடைகளில் கரும்புச் சக்கைத் தட்டுகள் மலிந்துவிட்டன. நாம் ஊழியம் பார்க்கும் ரயில்வேயிலும் 2018 ஜூனில் சில ராஜதானி, சதாப்தி வண்டிகளில் இத்தகைய கலங்களில் உணவு வழங்கத் தொடங்கினர்.

100 கிலோ கரும்பை ஆட்டினால் ஏறத்தாழ 30 கிலோ ஈரச்சக்கை எஞ்சும். அதில் பெரும்பகுதி ஆலைக் கொதிகலனுக்கே இரையாகிறது. தட்டு செய்வோர், சக்கையின் பஞ்சு போன்ற உட்பகுதியை நீக்கி, நாரைக் காரநீரில் வேகவைத்துக் கூழாக்குவர். கூழை வலையச்சில் வடித்து, சூடான அச்சில் அழுத்தினால், ஈரம் நீங்கும்போது நார்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். தனியே பசை வேண்டியதில்லை.

வேறு பொருள் சேரும்போதுதான் வம்பு. வைக்கோலையும் தேங்காய் நாரையும் பிசினுடன் கலந்து பலகை செய்கிறார்கள். மாவுப்பசையாயின் முழுதும் மக்கும். செயற்கைப் பிசினாயின் நார் மக்கினாலும் பிசின் மண்ணிலே கிடக்கும்.

தட்டிலும் இந்தச் சூது உண்டு. ரசம் ஊறாதிருக்கச் சிலர் மேலே கண்ணுக்குப் புலப்படாத பிளாஸ்டிக் ஏட்டை ஒட்டிவிடுகின்றனர். சங்கத்தின் பொங்கல் விருந்துக்குத் தட்டு வாங்கும் அன்பர்கள், முதலில் ஒன்றைக் கிழித்து இரவு முழுதும் நீரில் ஊறவைத்துப் பார்க்கவேண்டும். காலையில் பிசைந்தால் எல்லாம் கூழாகவேண்டும். ஏடு தனியே உரிந்து வந்தால், அது நம் வீட்டுக் குப்பைக் குழியில் மக்காது, கடைக்காரரிடமே திருப்பிவிடலாம். ஏடற்ற தட்டு நெடுநேரம் தாங்காதாகையால், ரசத்தை மட்டும் கிண்ணத்தில் வாங்கிக்கொள்வது நலம்.