நம் தெருவில் நடந்த ஒரு நாள் சுற்றுலா

முப்பது வருடங்களுக்கு மேலாகப் புறக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பிரின்ஸ் வீதியில் பெரிய தூண்களோடு நிற்கும் ஒல்லாந்தர் கால நூதனசாலையின் முன்னால், பில் புத்தகமும் கையுமாக எத்தனை ஆயிரம் தடவை நடந்திருப்பேனோ தெரியாது. உள்ளே காலடி வைத்ததில்லை. அண்மையில் அவுஸ்திரேலியாவில் குடியேறிய பறங்கிய நண்பர் ஒருவர், பழைய வாடிக்கையாளர், தன் உறவினர் பதினெட்டுப் பேரோடு வந்திருந்தார். வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, காலையில் அந்த வீட்டையும் பின்னேரம் வூல்பெண்டால் தேவாலயத்தையும் பார்க்கப் போவதாகச் சொல்லி என்னையும் அழைத்தார். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன்.

வீடு 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. 1692 முதல் 1697 வரை தேசாதிபதியாக இருந்த தோமஸ் வான் ரீ இங்கு வசித்தார். பிற்காலத்தில் இது வைத்தியசாலையாகவும் ஆயுதசாலையாகவும் இருந்திருக்கிறது. வாப்பாவின் காலத்தில் தபாற் கந்தோர். 1982இல்தான் நூதனசாலையானது. உள்முற்றமும் தோட்டமும் கிணறும் இருக்கின்றன. தடித்த சுவர்களுக்குள்ளே நின்றால் வெளியே நாட்டாமிமாரின் கூச்சல் கூடக் காதில் விழவில்லை.

வழிகாட்டி சொன்ன ஒரு விடயம் என்னை நிறுத்தியது. அந்தத் தேசாதிபதி ஓர் அரசனின் ஆள் அல்ல, 1602இல் ஆரம்பித்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சம்பளக்காரர். நம் பாஷையில் சொன்னால் கிளை மனேஜர். கம்பனியின் பெரிய சரக்கு கறுவா. அதைக் களவாக விற்றால் மரண தண்டனை வரை சட்டம் இருந்தது. அடுத்து அவர் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: சோனகர் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் வீடு வளவு வாங்க ஒல்லாந்தர் தடை போட்டிருந்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்த பிறகும் அந்தத் தடை 1832 வரை நீங்கவில்லை. வீட்டு அலுமாரியில் கிடக்கும் எங்கள் கடை உறுதியை நினைத்துக்கொண்டேன். கம்பனியோ 1799இலேயே கடனில் மூழ்கிக் கலைந்துபோனது.

அங்கிருந்து பிரதான வீதி வழியாக, கெய்மன்ஸ் கேட் மணிக்கூண்டையும் 1873இல் கட்டிய பழைய நகர மண்டபத்தையும் பார்த்துக்கொண்டு நடந்தோம். கெய்மன் என்றால் முதலையாம். இந்த நடையில்தான் எனக்கு வெட்கம் பிடித்தது. ஒரு புடைவைக் கடையில் அம்மையார் ஒருவர் சாரம் ஒன்றை ஆசையாக எடுத்தார். அவருக்கு ஒரு விலை சொன்னார்கள், வழிகாட்டி சிங்களத்தில் கேட்டதும் அதில் பாதி சொன்னார்கள். அம்மையார் ஒன்றும் பேசாமல் சாரத்தை மடித்து வைத்துவிட்டார். அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் ஒருவரும் பேர்ஸைத் திறக்கவில்லை. பகல் சாப்பாட்டுக்கு, உட்கார நல்ல இடமும் சுத்தமான மலசலகூடமும் வேண்டுமென்று வேன் பிடித்துக் கோட்டையிலுள்ள ஹோட்டலுக்குப் போனார்கள். பதினெட்டுப் பேரின் பகல் சாப்பாடு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

தேவாலயம் மேட்டிலே நிற்கிறது. 1749இல் வேலை தொடங்கி 1757இல் திறந்திருக்கிறார்கள். சிலுவை வடிவம், சுவர் ஏறக்குறைய ஐந்தடித் தடிப்பு. 1856இல் மின்னல் விழுந்து கூரை சேதப்பட்டதால் மாற்றிப் போட்டார்களாம். 1813இல் கோட்டையிலிருந்து தேசாதிபதிகளின் எச்சங்களைக் கொண்டுவந்து இங்கே அடக்கியிருக்கிறார்கள். நிலத்தில் பதித்த கல்லறைக் கற்களில் நண்பரின் உறவினர்கள் குனிந்து தங்கள் குடும்பப் பெயரைத் தேடினார்கள். தேவாலயத்து ஆள் ஒருவர் அவசரப்படாமல் ஒவ்வொன்றாக விளக்கினார். ஒரு சதம் கேட்கவில்லை. புறப்படும்போது எல்லோரும் உண்டியலில் தாள் காசு போட்டார்கள், காலையில் சாரத்தை மடித்து வைத்த அம்மையார் உட்பட.

திரும்பும் வழியில் நண்பர் நல்ல கறுவா கேட்டார். நான்காம் குறுக்குத் தெருவிலுள்ள எங்கள் கடைக்கே அழைத்து வந்தேன். மகன் சாக்கைக் காட்டி, "கிலோக் கணக்கில்தான் இருக்கு அங்கிள்" என்றான். அவுஸ்திரேலியாவுக்குக் கிலோக் கணக்கில் யார் கறுவா தூக்கிப் போவார்கள்? சிரித்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் தொலைபேசியில் நண்பர் சொன்னார், ஹோட்டல் கடையில் சின்னச் சின்னப் பெட்டியில் வாங்கிக்கொண்டார்களாம். விலையைக் கேட்டு நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். என் சாக்கிலிருந்து அந்தத் தொகைக்குப் பல மடங்கு நிறுத்துக் கொடுத்திருப்பேன்.

இப்போது ஐம்பது கிராம், நூறு கிராம் பொதிகள் கட்டுகிறோம். விலையை லேபலிலேயே அச்சடித்திருக்கிறோம், எல்லோருக்கும் ஒரே விலை. மகனுக்கு இன்னும் நம்பிக்கை இல்லை, "யார் வாப்பா இங்க வந்து வாங்கப் போறாங்க?" என்கிறான். வழிகாட்டியின் இலக்கம் என்னிடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தோடு அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பின்னறையிலுள்ள மூட்டைகளை அகற்றி, நாலு கதிரை போட்டு, மலசலகூடத்தையும் திருத்தியாக வேண்டும். மேசனை வரச் சொல்லியிருக்கிறேன்.