சனாதிபதிகளை வரிசைப்படுத்தல்

ஆட்சி செய்தோரை ஒருவர்பின் ஒருவராக நிறுத்தி, இவர் தலைசிறந்தவர், இவர் நடுத்தரத்தார், இவர் கடைப்பட்டவர் எனத் தீர்ப்புக் கூறும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. சனசமூக நிலைய வாசிகசாலையிலே பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு நாடோறும் நிகழ்த்தப்பெறும் வழக்காடல் பெரும்பாலும் இதுவே. ஆயினும், இதனை ஒரு முறையாக வகுத்து, அறிஞர்க்கு வினாத்தாள் அனுப்பி, விடைகளைத் தொகுத்துப் புள்ளியிட்டு வெளியிட்டதாற் பெயர்பெற்றவர்கள் அமெரிக்க வரலாற்றாசிரியர்கள். அம்முறை எவ்வாறு வளர்ந்தது, அதனை இலங்கைச் சனாதிபதிகள்மேல் வைத்து நோக்கின் யாது விளையும், அதிலும் அரியாலை போன்றதோர் ஊரிலிருந்து நோக்கின் யாது விளையும் என்பன ஆராயத்தக்கன. 'தரப்படுத்தல்' என்னுஞ் சொல்லை இங்கு வேண்டுமென்றே தவிர்த்துள்ளோம். 1970களிலே பல்கலைக்கழக அனுமதி தொடர்பாக அச்சொல் யாழ்ப்பாணத்தார் செவியில் ஏற்படுத்திய பொருளை இனி அதனிடமிருந்து பிரித்தல் அரிது.

1948ஆம் ஆண்டில் ஹார்வாட் பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியர் ஆதர் ஷ்லெசிஞ்சர் என்பார் 55 அறிஞரிடம் கருத்துக் கேட்டு, அதன் பெறுபேற்றை 'லைஃப்' சஞ்சிகையில் வெளியிட்டார். மாபெரியோர், மாபெரியோரை அணுகியோர், சராசரியர், சராசரிக்குத் தாழ்ந்தோர், தோல்வியுற்றோர் என ஐந்து படிகள் வகுக்கப்பட்டன. லிங்கன், வாஷிங்ரன், பிராங்கிளின் றூஸ்வெல்ற், வில்சன், ஜெபர்சன், ஜக்சன் என்னும் அறுவர் முதற்படியிலும், கிறான்ற், ஹாடிங் என்னும் இருவர் கடைசிப் படியிலும் நின்றனர். ஒரு மாதமே பதவி வகித்து 1841இல் இறந்த வில்லியம் ஹென்றி ஹரிசனும், 1881இற் சுடப்பட்டு இறந்த கார்பீல்டும் கணக்கில் எடுக்கப்பட்டிலர். 1962இல் அதே பேராசிரியர் 75 அறிஞரிடம் மீண்டும் வினவி, 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையின் வார சஞ்சிகையில் முடிபை வெளியிட்டார். இம்முறை ஜக்சன் ஒரு படி இறங்கினார். முந்திய ஆண்டிலேதான் பதவி நீங்கிய ஐசன்ஹோவர் சராசரியருள்ளும் அடியில் வைக்கப்பட்டார்.

அவ்வாண்டு வினாத்தாள் அனுப்பப்பெற்றவர்களுள் ஒருவர், அப்பொழுது பதவியிலிருந்த சனாதிபதி கெனடி. அவரும் வரலாற்று நூலெழுதியவரன்றோ! ஓராண்டுக்கு முன்பாயின் துணிந்து விடையளித்திருப்பேன், இப்பொழுது அத்துணிவில்லை என்ற கருத்துப்பட எழுதி அவர் விலகிக்கொண்டார். பதவியின் நெருக்கடிகளையும், அதிலிருந்தவர் முன்பு உண்மையில் எவ்வெவ் வழிகள் திறந்திருந்தன என்பதையும், அப்பதவியில் அமராதார் எங்ஙனம் அறிவர் என்பது அவர் எண்ணம். இது கவனிக்கத்தக்க மறுப்பு. ஆயின் முற்றாக ஏற்கத்தக்கதன்று. ஆள்வோரின் இடர்ப்பாட்டை ஆண்டவரே அறிவர் என்றால், ஆளப்பட்டோரின் இடர்ப்பாட்டை அறிந்தவர் யாவர்?

பிற்காலத்திற் சி-ஸ்பான் என்னும் தொலைக்காட்சி நிறுவனம் 2000, 2009, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் வரலாற்றறிஞரைக் கொண்டு நடத்திய மதிப்பீடு இன்னும் நுணுக்கமானது. மக்களை இணங்கச் செய்யும் ஆற்றல், நெருக்கடிக் காலத் தலைமை, பொருளாதார முகாமை, அறநெறி மதிப்பு, வெளிநாட்டுறவு, நிருவாகத்திறன், சட்டசபையோடு கொண்ட உறவு, தொலைநோக்கு, யாவர்க்கும் சமநீதி நாடியமை, தம் காலச் சூழ்நிலையில் ஆற்றிய பணி எனப் பத்துப் பண்புகள் எடுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதற் பத்து வரை புள்ளி வழங்கப்பட்டது. லிங்கன் நான்கு முறையும் முதலிடம் பெற்றார். அடிமை முறை நாட்டைப் பிளந்துகொண்டிருக்கக் கைகட்டி நின்ற புக்கானன் நான்கு முறையும் கடைசி.

தலையும் வாலும் அசையாதிருக்க, நடுவிலுள்ளோர் ஏறியும் இறங்கியும் செல்வதே இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது. கிறான்ற் 2000இல் 33ஆம் இடத்தவர், 2021இல் 20ஆம் இடத்தவர். வில்சன் 6இலிருந்து 13இற்கும், ஜக்சன் 13இலிருந்து 22இற்கும் இறங்கினர். ஐசன்ஹோவர் 2017இல் 5ஆம் இடத்தை அடைந்துவிட்டார். இறந்தோர் இறந்த பின் நன்மையும் செய்யார், தீமையும் செய்யார். அவர்தம் இடம் மாறுவது எதனால்?

ஐசன்ஹோவர் வகையில் விடை எளிது: மூடியிருந்த ஆவணங்கள் திறக்கப்பட்டன. விளையாட்டிற் பொழுதுபோக்கிய முதியவர் எனக் கருதப்பட்டவர் திரைமறைவில் முனைந்து பணியாற்றியமையை அவை காட்டின. கிறான்ற் வகையிலோ மாறியவர் வரலாற்றாசிரியரே. உள்நாட்டுப் போரின் பின் தென் மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை அளித்ததே தவறு எனக் கருதிய வரலாற்றாசிரியர் பலர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் செல்வாக்குடன் விளங்கினர். அவர்கள் கண்ணிற் கிறான்ற் ஆட்சியின் ஊழல் மட்டுமே பட்டது. கூ கிளக்ஸ் கிளான் என்னும் வன்முறைக் கூட்டத்தை 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணைகொண்டு அவர் அடக்கியமை படவில்லை. அக்கறுப்பின மக்களின் வாழ்வையும் வரலாறெனக் கொண்ட தலைமுறை வந்தபொழுது அவர் எழுந்தார். அரசாங்க அலுவலகங்களில் இன ஒதுக்கலைப் பரவவிட்ட வில்சன் விழுந்தார். 1830ஆம் ஆண்டுச் சட்டத்தினால் செவ்விந்தியரை அவர்தம் நிலத்தினின்றும் பெயர்த்த ஜக்சனும் விழுந்தார். அச்சட்டத்தின் வழி 1838இலும் 1839இலும் மேற்கே நடத்திச் செல்லப்பட்ட செரோக்கி மக்களுள் ஏறத்தாழ 4,000 பேர் மடிந்தனர் என்பர். ஜக்சனை மாபெரியோருள் வைத்த 1948ஆம் ஆண்டு அறிஞர் இச்செய்தியை அறியாதவரல்லர். அறிந்தும் அதற்கு நிறை கொடுத்திலர்.

இம்முறையின் குறைபாடும் இவ்விடத்திலேதான் உள்ளது. பத்துப் பண்புகளும் சம நிறையுடையன எனக் கொள்ளின், ஒன்பதில் ஒன்பதொன்பது புள்ளியும் சமநீதியில் ஒரே புள்ளியும் பெற்றவர் 82 புள்ளி பெறுவர். எல்லாவற்றிலும் எவ்வேழு பெற்றவர் 70 புள்ளியே பெறுவர். முன்னவர் முந்திவிடுகிறார். நீதி என்பது பத்தில் ஒரு பங்குதானா என்ற வினாவுக்குக் கணிதத்தில் விடையில்லை. யார் கையில் எழுதுகோல் இருக்கின்றதோ அவரே அதனை முடிவுசெய்கின்றார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1972 முதல் 1978 வரை சனாதிபதியாக இருந்த வில்லியம் கோபல்லாவ அதிகாரமற்ற நாட்டுத் தலைவராதலின் அவரை விடுத்து, ஜே. ஆர். ஜயவர்த்தன முதலாக அநுர குமார திசாநாயக்க ஈறாக நிறைவேற்றதிகாரச் சனாதிபதிகள் ஒன்பதின்மர். மேற்கூறிய பத்துப் பண்புகளை இவர்கள்மேல் வைத்துப் பார்க்கும் ஒருவர் விரைவிலேயே திகைப்படைவர். ஜயவர்த்தன திறந்த பொருளாதாரத்தையும் துரித மகாவலித் திட்டத்தையும் தந்தவர். 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டதும், 1983 யூலைப் படுகொலைகள் நிகழ்ந்ததும் அவர் ஆட்சியிலேயே. பிரேமதாச ஏழைகளுக்கு வீடமைத்தவர். தெற்கிலே கிளர்ச்சியை அடக்கிய பொழுது ஆற்றிற் பிணங்கள் மிதந்த காலத்துச் சனாதிபதியும் அவரே. மகிந்த ராஜபக்சவுக்கு 2009ஆம் ஆண்டின் பொருட்டுத் தெற்கிலே ஒருவர் பத்துப் புள்ளி இடுவர். அதே ஆண்டின் பொருட்டு, முள்ளிவாய்க்காலிற் பிள்ளையை இழந்த தாய் என்ன புள்ளி இடுவாள்? இவ்விரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தல் சராசரியாகலாம், மதிப்பீடாகாது.

அரியாலையிலிருந்து நோக்குவோர்க்கு மிகக் கடினமான வழக்கு சந்திரிகா குமாரதுங்கவினுடையது. 1994இல் நாடளாவிய வாக்குகளில் நூற்றுக்கு 62.28 பெற்று, சமாதானம் என்ற சொல்லோடு வந்தவர் அவர். 1995இலும் 2000ஆம் ஆண்டிலும் அவர் முன்வைத்த அதிகாரப் பகிர்வு யோசனைகளைப் போல ஏனையோர் எவரும் துணிந்து முன்வைக்கவில்லை எனக் கருதுவோர் தமிழருள்ளும் உளர். ஆயின் 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபொழுது, அவருட் பெருந்தொகையினர் அரியாலையூடாகச் செல்லும் கண்டி வீதியாற் செம்மணி கடந்து நாவற்குழிக்குச் சென்றனர். அடுத்த ஆண்டில் இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் மீண்டவருட் பலர் காணாமற் போயினர். பாடசாலை மாணவி ஒருத்தியின் கொலைவழக்கிற் குற்றவாளியாகக் காணப்பட்ட இராணுவத்தினன் ஒருவன், செம்மணியில் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என 1998இல் நீதிமன்றிற் கூறினான். 1999இல் அகழ்ந்தபொழுது 15 பேரின் எச்சங்கள் வெளிப்பட்டன. அதன்பின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அந்நிலம் வாளாவிருந்தது. 2025 பெப்ரவரியில் அரியாலை, சித்துப்பாத்தி மயானத்திலே தகனக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபொழுது மனித எலும்புகள் தோன்றின. நீதிமன்றக் கண்காணிப்பில் நடைபெற்ற அகழ்வில், செப்ரெம்பருக்குள் வெளிப்பட்ட எலும்புக்கூடுகள் 200க்கு மேற்பட்டன. சிறு பிள்ளைகளுடையனவும் அவற்றுள் இருந்தன.

இவற்றையெல்லாம் ஒருவர் கணக்கிலேயே எழுதிவிடல் அறிஞர் செயலன்று. யாருடைய எலும்பு, எக்காலத்தது, யாராற் புதைக்கப்பட்டது என்பன விஞ்ஞானமும் நீதிமன்றமும் சொல்லவேண்டியவை. ஆயினும் ஐசன்ஹோவருக்கு ஆவணப் பெட்டி திறந்தபொழுது இடம் மாறிற்று என்றால், இங்கே திறக்கப்படுவதும் ஆவணமே. அதற்குப் பின் வந்த சனாதிபதிகளையும் அது விடாது. நிலத்தை மூடியே வைத்திருந்தவர், அகழ இடங்கொடுத்தவர், அகழ்ந்தபின் வழக்கை நடத்தியவர் அல்லது நடத்தாதவர் என ஒவ்வொருவர்க்கும் ஒரு புள்ளி அந்நிலத்திலிருந்து எழும்.

அமெரிக்காவிலே வரிசைப்படுத்தும் எழுதுகோல் அறிஞர் கையில் உளது. இலங்கையிலோ சட்டமே அதனை ஒவ்வொரு வாக்காளர் கையிலும் கொடுத்துள்ளது. இதனை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சனாதிபதித் தேர்தலிலே 1, 2, 3 என மூவரை விருப்பு முறையில் வரிசைப்படுத்தலாம். எவரும் செல்லுபடியான வாக்கிற் பாதிக்கு மேற் பெறாவிடின், முதலிருவர் தவிர்ந்த ஏனையோரின் வாக்குச் சீட்டுகளை எடுத்து, அவற்றிலுள்ள அடுத்த விருப்பை அவ்விருவருக்கும் சேர்ப்பர். 1982 முதல் நடந்த எட்டுத் தேர்தல்களில் இதற்குத் தேவை ஏற்படவில்லை. 2024 செப்ரெம்பரில் முதன்முறையாக ஏற்பட்டது.

அவ்வெண்ணிக்கையைச் சற்று விரித்துக் காண்டல் தகும். செல்லுபடியான வாக்குகள் 13,319,616. அநுர குமார திசாநாயக்க 5,634,915, சஜித் பிரேமதாச 4,363,035 பெற்றனர். எஞ்சியவை 33 இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் இரண்டாம், மூன்றாம் விருப்பாக முன்னவர்க்குச் சேர்ந்தவை 105,264, பின்னவர்க்குச் சேர்ந்தவை 167,867. ஆக, நூற்றுக்கு எட்டளவான சீட்டுகளே இறுதிப் போட்டியிற் பங்குகொண்டன. முடிவில் இருவர்க்குமிடையே இருந்த வித்தியாசம் 1,209,277. எவர்க்குஞ் சேராது கிடந்த சீட்டுகளோ முப்பது இலட்சம், அஃதாவது அவ்வித்தியாசத்தின் இரண்டரை மடங்கு.

யாழ்ப்பாண மாவட்டத்திலே சஜித் பிரேமதாச 121,177, தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் 116,688 வாக்குகள் பெற்றனர். தமிழர் ஒருவர்க்கு முதல் விருப்பை இட்டுத் தம் நிலைப்பாட்டை உணர்த்தி, இரண்டாம் விருப்பாற் கொழும்பில் ஆளப்போகிறவரைத் தெரிவதிலும் பங்குகொள்ளல் ஒருங்கே இயல்வதாயிருந்தது. இரண்டாவது இலக்கத்தை இடாது விடுவதும் ஒரு நிலைப்பாடே எனச் சிலர் வாதிப்பர். அறிந்து விட்டதாயின் அது நிலைப்பாடு, அறியாது விட்டதாயின் வீண்போனது என்பது நம் கருத்து. 2005இல் மாவட்டத்து வாக்காளரில் நூற்றுக்கு 1.21 பேரே வாக்களித்த நிலையையும், நாடு முழுவதிலும் வெற்றி தோல்வியின் வித்தியாசம் இரண்டு இலட்சத்துக்கும் குறைவாக இருந்ததையும் எண்ணுவோர்க்கு இது விளங்கும்.

வாக்குச் சீட்டின் வரிசையும் பேராசிரியரின் வரிசையும் ஒன்றல்ல என்பதையும் கூறுதல் வேண்டும். 2010இல் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோருள் நூற்றுக்கு 63.84 பேர் சரத் பொன்சேகாவை முதலிடத்தில் வைத்தனர். முந்திய ஆண்டில் முடிந்த போரை நடத்திய படைத்தளபதியை அவர்கள் போற்றினர் என எதிர்கால ஆய்வாளர் ஒருவர் அப்புள்ளியை மட்டும் கண்டு முடிவுகட்டுவாராயின் அது நகைப்புக்கிடமாகும். இருவருள் ஒருவரை நீக்கவேண்டி மற்றவருக்கு இட்ட இலக்கம் அது.

நிறைவேற்றதிகாரச் சனாதிபதி முறையையே நீக்குவதாக இன்றைய அரசாங்கம் வாக்களித்து வந்துள்ளது. இத்தகைய வாக்குறுதி 1994 முதல் பலமுறை அளிக்கப்பட்டதேயாயினும், ஒருவேளை நிறைவேறின், மூன்று இலக்கம் இடும் சீட்டும் அதனோடு போய்விடும். சனாதிபதிகளின் நிரலும் ஒன்பதோடு நின்றுவிடும். அப்பொழுது மறுபடியும் வாசிகசாலை வழக்காடலே எஞ்சும். பதினெட்டு மாதமே பதவியிலிருந்த டி. பி. விஜேதுங்கவை ஹரிசனைப் போல விலக்குவதா சேர்ப்பதா என்பதிலிருந்து அதனைத் தொடங்கலாம்.