உறுமியும் நாலு ட்ராக்கும்

ஜொகூர் பாருவிலோ கூலாயிலோ குளுவாங்கிலோ வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய நினைக்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது, “எத்தனை ட்ராக் உள்ள ரிக்கார்டர் வாங்கலாம்?” என்பதுதான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அது மிகச் சரியான கேள்வி. ஏனென்றால் அன்று வீட்டுக்குக் கட்டுப்படியான ரிக்கார்டர்களில் பெரும்பாலும் நான்கு ட்ராக்குக்கு மேல் கிடையாது.

1979இல் ஜப்பானின் டியாக் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற இயந்திரத்தை வெளியிட்டது. கடையில் வாங்கும் சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களை (ட்ராக்குகளை) தனித்தனியே பதிந்த முதல் இயந்திரம் அது. வீட்டில் பாட்டுக் கேட்கும் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம். திருப்பிப் போட்டால் இன்னும் இரண்டு. போர்ட்டாஸ்டூடியோ இந்த நான்கையும் ஒரே திசையில் ஓட்டியது. தரம் கூடுவதற்காக நாடாவின் வேகத்தையும் இரட்டிப்பாக்கி விநாடிக்கு 9.5 சென்டிமீட்டர் வைத்தது. அதனால் 60 நிமிடக் கேசட்டில் பதிய முடிந்தது 15 நிமிடம் மட்டுமே. 1982இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தம் வீட்டில் இந்த இயந்திரத்தில் பாடிப் பார்த்த பதிவுகளே ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளிவந்தன. பிறகு ஃபோஸ்டெக்ஸ் எக்ஸ்-15, டியாக்கின் டாஸ்காம் பிராண்டில் போர்ட்டா ஒன் என்று பேட்டரியில் ஓடுபவையும் வந்தன.

இவற்றை எங்கே வாங்குவது? 1980வாக்கில் சிங்கப்பூர் வெள்ளிக்கும் ரிங்கிட்டுக்கும் மதிப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஜொகூர்க்காரர்களுக்கு இசைக்கருவிக் கடை என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். அங்கே போய் வாங்குவது கட்டுப்படியாகாது. இணையக் கடையில் சொன்னால் தாமான் வாசலுக்கே வந்துவிடுகிறது.

நான்கு தடத்தில் ஒரு முழுப் பாட்டைக் கட்டுவது எப்படி? மூன்று தடங்களில் தாளம், சுருதி, ஆர்மோனியம் என்று பதிந்துகொள்ள வேண்டும். அவற்றைக் கலந்து நான்காவது தடத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போதே இன்னொருவர் நேரடியாக வாசித்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். முதல் மூன்றும் இப்போது காலி. இப்படியே நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று எனச் சேர்த்தால், எந்த ஒலியும் இரண்டாம் பிரதிக்குக் கீழே போகாமல் பத்துப் பகுதிகள் வரை அடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் நாடாவின் இரைச்சல் கொஞ்சம் ஏறும். கலந்ததைப் பிரிக்கவும் முடியாது. ஆர்மோனியம் தூக்கலாக இருக்கிறது என்று மறுநாள் தோன்றினால், முதலிலிருந்து எல்லாரையும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டியதுதான். அந்தக் கட்டாயத்தால் வாசிப்பவர்கள் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தார்கள். நான் மதிக்கும் ஒழுங்கு அது.

வீடும் ஸ்டூடியோ ஆகலாம் என்ற நம்பிக்கையைத் தமிழர்களுக்குத் தந்தவர் ஏ. ஆர். ரஹ்மான். 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுக் கொல்லையில் அவர் அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில் உருவானதுதான் 1992இன் ‘ரோஜா’ படத்தின் இசை. மலேசியாவில் யோகி பி & நட்சத்ரா குழு ‘வல்லவன்’ ஆல்பத்தை வெளியிட்டது 2006இல். கையில் அடங்கும் பாஸ் மைக்ரோ பிஆர், ஜூம் எச்4 ஆகிய ரிக்கார்டர்களும் அதே ஆண்டில்தான் வந்தன. நாடா போய் மெமரி கார்டு வந்தது. 2011இல் கராஜ்பேண்ட் என்ற பதிவுச் செயலி ஐபேடுக்கும் வந்தபோது, தனியாக ஒரு பெட்டி எதற்கு என்ற கேள்வி எழுந்தது.

ஒருவர் தனியாகப் பாடி, கீபோர்டு வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்குக் கைப்பேசி தாராளமாகப் போதும். ப்ளூடூத் ஹெட்ஃபோனை மட்டும் தவிருங்கள். ஒலி காதுக்கு வருவதற்குள் சற்றுத் தாமதமாகிவிடும். அதைக் கேட்டுப் பாடினால் குரல் தாளத்துக்குப் பின்னால் விழும். வயர் உள்ளதே நல்லது.

நம் ஊர்ப் பாட்டு ஒருவர் பாட்டு அல்ல என்பதுதான் விஷயம். தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிவந்தவர்கள் கூடவே கொண்டுவந்தது உறுமி மேளம். உறுமி, பம்பை, தவில், தாளம், பாடுபவர் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வேகம் ஏற்றுவார்கள். தனித்தனியே பதிந்தால் அந்த ஏற்றம் வராது. ஆகவே ரிக்கார்டர் பெட்டியில் தடங்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன், ஒரே நேரத்தில் எத்தனை மைக்கைப் பதியும் என்று பாருங்கள். டாஸ்காம் டிபி-008இஎக்ஸில் தடம் எட்டு. ஒரே நேரத்தில் பதிவது இரண்டு மட்டும். ஜூம் ஆர்16, ஆர்20 இரண்டிலும் தடம் பதினாறு; ஒரே நேரத்தில் எட்டு. பஜனைக் குழுவுக்கும் மேளக் குழுவுக்கும் இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். இதைக் கவனிக்காமல் வாங்கினால் மேளக்காரர்கள் அத்தனை பேரும் இரண்டு மைக்கைச் சுற்றி நிற்க வேண்டிவரும்.

உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்தால் மாடு முக்காரம் போடுவதுபோல் ஒரு முனகல் எழும். மறு முகத்தில் அடி விழும். முனகலுக்குப் பதிவு அளவை ஏற்றிவைத்தால் அடி உடைந்து பதியும். அடிக்கு இறக்கிவைத்தால் கேசட் காலத்தில் முனகல் நாடா இரைச்சலில் மூழ்கியது. டாஸ்காம் போர்ட்டாகேப்சர் எக்ஸ்8, 2023இல் வந்த ஜூம் ஆர்4 போன்றவற்றில் இருக்கும் 32 பிட் ஃப்ளோட் பதிவு இந்தத் தொல்லையைத் தீர்த்திருக்கிறது. சத்தம் எல்லை தாண்டியது போலத் தெரிந்தாலும் பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: மைக்கே தாங்காமல் உடைந்த ஒலியை எந்த ரிக்கார்டராலும் திருத்த முடியாது. மேளத்துக்கு அதிகச் சத்தம் தாங்கும் டைனமிக் மைக் வாங்குங்கள். அதற்கு 48 வோல்ட் மின்சாரமும் வேண்டாம் என்பதால் கோயிலுக்கு எடுத்துப்போகும்போது பேட்டரி சீக்கிரம் தீராது.

அன்று நாடா இரைச்சல் மறைத்த பல ஒலிகள் இன்று துல்லியமாகப் பதிகின்றன. மின்விசிறி, பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள், நவம்பர் பிறந்தால் கூரையில் அடைமழை. வீட்டில் பதிபவர்கள் விலை கூடிய ரிக்கார்டருக்குச் செலவழிப்பதற்கு முன் ஒரு கனமான திரைச்சீலையும் மெத்தையும் வைத்து அறையைச் சரிசெய்வது நல்லது. விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு பாடத்தான் வேண்டும்.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. நாலு ட்ராக்கில் பதிந்த பழைய கேசட்டுகள் சில வீடுகளில் இன்னும் இருக்கலாம். நம் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். அந்த இயந்திரம் இல்லாவிட்டாலும் அவற்றை எடுக்க வழி உண்டு. சாதாரண டெக்கில் போட்டால் ஒரு பக்கத்தில் முதல் இரண்டு தடம் கேட்கும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னோக்கி ஓடும். இரண்டு பக்கத்தையும் கணினியில் ஏற்றுங்கள். இரண்டாவது பக்கத்தைத் தலைகீழாக்குங்கள். இரட்டை வேகத்தில் பதிந்ததாக இருந்தால் வேகத்தை இருமடங்காக்கி, நான்கையும் ஒன்றாகப் பொருத்துங்கள். டிபிஎக்ஸ் என்ற இரைச்சல் குறைப்பைப் போட்டுப் பதிந்திருந்தால் ஒலி முரடாகக் கேட்கும். அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். எந்த இயந்திரம், என்ன வேகம், யார் வாசித்தது என்பது தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, கேசட் உறையில் எழுதிவையுங்கள்.